ஏழு கிழமை தழுவாத தோள்

"இது என்னங்க?" என்று மனைவி கேட்டபோது கண்ணாடிக்கடைக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே பொய் சொல்ல முடியவில்லை.

சலவை இயந்திரத்தின் மூடி திறந்திருந்தது. மனைவியின் ஒரு கையில் அவருடைய நேற்றைய சட்டை, மறு கையில் அதன் பையிலிருந்து எடுத்த தாள். துணியோடு காகிதம் போனால் பொடிப்பொடியாகி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பைகளைத் துழாவிவிட்டுத்தான் துணி போடுவாள். இதுவரை பஸ் டிக்கெட்டுக்கு மேல் எதுவும் அகப்பட்டதில்லை. இப்போது அவள் தாளைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள்.

*வழியெல்லாம் விழி.*
*விழியெல்லாம் மழை.*
*நிழலே, ஏழு கிழமை*
*நீ தழுவாத தோள் இது.*
*கழுத்தின் கீழே தழும்பு.*
*பழகிய குழல் அழைக்கும்.*
*எழுந்தால் விழுவேன்,*
*விழுந்தால் எழுவேன்.*
*உமிழ்நீர் விழுங்கு.*
*மறுபடி அழை.*

படித்து முடித்ததும் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அது அவளுக்கு இன்னும் சந்தேகமாகப் பட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் வாயைக் கொப்பளித்தார். தேவைக்கு அதிகமாகவே கொப்பளித்தார்.

"ஞாயிறு வட்டத்துல ஒருத்தர் எழுதின கவிதை. அடுத்த கூட்டத்துல நான் விளக்கவுரை சொல்லணும்."

"ஒருத்தர்னா?"

எழுதியவர் ஒரு பெண்மணி என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் "எந்தப் பெண்மணி, எத்தனை வயசு, அதை ஏன் உங்க சட்டைப் பையில வெச்சிருக்கீங்க" என்று அடுத்தடுத்துக் கேள்வி வருமே என்று பயந்தார். கடை திறக்க நேரமாகிவிட்டது. நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, வாயில் வந்த முதல் ஆளைச் சொன்னார்.

"நம்ம மருந்துக்கடைக்காரர்."

மனைவியின் முகம் உடனே இளகியது. "ஐயோ பாவம். அந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு இருக்கா?" என்றபடி தாளை நாலாக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

ஞாயிறு வட்டம் என்பது டிரைவிங் ஸ்கூலின் மாடியில் வாரம் ஒருமுறை கூடும் எழுத்தாளர் கூட்டம். எழுத்தாளர்கள் என்று அவர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். மாடி டிரைவிங் ஸ்கூல்காரருக்குச் சொந்தம் என்பதால் அவரே தலைவர். வட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. கவிதை எழுதியவர் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. வேறொருவர் விளக்கவுரை சொல்ல வேண்டும், அவரும் எழுதியவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. தலைவர் தன் காவியத்துக்குத் தானே விளக்கம் சொல்லி, இரண்டு உறுப்பினர்கள் வட்டத்தை விட்டே போன பிறகு வந்த விதி அது.

இந்தக் கவிதையைக் கொடுத்தவர் ஆஸ்பத்திரி மேடம். வட்டத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாருடைய எழுத்தையும் பொறுமையாகக் கேட்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆஸ்பத்திரியில் வேலை என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. அவரவர் எழுத்தைப் பற்றிப் பேசி முடிப்பதற்கே ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. போன கூட்டத்தில் அவர் ஏதோ மருத்துவ முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில், பையைக் குடைந்து ஒரு தாளை உருவி, "காதலும் ஏக்கமும் பத்தி ஒண்ணு எழுதியிருக்கேன்" என்று நீட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டார். சீட்டுக் குலுக்கியதில் விளக்கவுரை கண்ணாடிக்கடைக்காரருக்கு விழுந்தது.

மற்றவர்களின் கவிதைகளுக்கு விளக்கம் சொல்வது அவருக்குச் சிரமமாக இருந்ததில்லை. "வாழ்க்கையின் வெறுமையைச் சொல்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார், எழுதியவர் தலையாட்டுவார். இந்தக் கவிதை அப்படி மசியவில்லை. ஓசை தேனாக இருந்தது. காதல் தெரிந்தது, ஏக்கம் தெரிந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. உமிழ்நீர் எதற்காக வருகிறது என்பது அதைவிடப் புரியவில்லை.

மறுநாள் முற்பகல் கடையில் ஒரு பெரியவருக்குச் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்தார். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடிவராத மனிதர். சட்டைக் காலர் பொத்தானை எப்போதும் போட்டிருப்பார். இன்று அது திறந்து கிடந்தது.

"அண்ணே, உங்க வீட்டம்மா இப்ப நம்ம கடைக்கு வந்திருந்தாங்க."

"இருமல் மருந்தா?"

"வாங்கினாங்க. வாங்கிட்டு, 'மனசைத் தளர விட்றாதீங்க தம்பி, உங்க தோளுக்கும் ஒரு வழி பிறக்கும்'னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அஞ்சாறு பேர் நின்னுட்டிருந்தாங்கண்ணே. அதுல ஒருத்தர் தோள் வலிக்கு எந்தத் தைலம் நல்லதுன்னு எனக்கே சொல்லிட்டுப் போறார்."

கண்ணாடிக்கடைக்காரர் வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, தாளையும் காட்டினார். மருந்துக்கடைக்காரர் சிரித்தபடியே படிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"கழுத்தின் கீழே தழும்பு" என்று மெல்லச் சொன்னார்.

"அதுக்கென்ன?"

மருந்துக்கடைக்காரர் காலரை விலக்கிக் காட்டினார். எப்போதோ கட்டி வந்து அறுத்த இடம், காசளவுக்கு வழவழவென்று இருந்தது. "இதைப் பத்தி வட்டத்துல ஒரு கட்டுரை படிச்சேனே. 'கட்டியும் நானும்'. எல்லாரும் எழுந்து டீ குடிக்கப் போயிட்டீங்க. மேடம் மட்டும் கடைசி வரைக்கும் கேட்டாங்க."

"அது மரியாதைக்குத் தம்பி."

"மரியாதைக்குக் கேட்கிறவங்க, 'இப்ப முழுங்கறப்போ வலிக்குதா'ன்னு கேட்பாங்களாண்ணே? என்கிட்ட அவங்க பேசின ஒரே வார்த்தை அதுதான். இங்கே பாருங்க, உமிழ்நீர் விழுங்கு. எனக்குத்தான் சொல்றாங்க."

நாற்காலியில் இருந்த பெரியவர், சட்டத்தைக் கழற்றாமலே, "கல்யாணப் பேச்சா?" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஞாயிற்றுக்கிழமை உங்க விளக்கவுரை முடிஞ்சதும் நான் எழுந்து பதில் சொல்லப் போறேண்ணே. எல்லார் முன்னாடியும். அவங்களே இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகு நான் சும்மா இருந்தா நல்லா இருக்காது."

அந்தக் காட்சியை மனதில் நினைத்துப் பார்த்த கண்ணாடிக்கடைக்காரர், அதை எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று இரண்டாவது பொய்யை எடுத்தார்.

"தம்பி, அவசரப்படாதீங்க. அடுத்த வரியைப் பாருங்க. பழகிய குழல் அழைக்கும். குழல்னா என்ன? ஹார்ன். உங்ககிட்ட சைக்கிள்கூடக் கிடையாது. வழின்னு தொடங்குது, விழுவேன் எழுவேன்னு போகுது. கத்துக்குட்டி கார் ஓட்டற மாதிரி இல்ல? இது யாரைப் பத்தினதுன்னு நான் சொல்லணுமா?"

மருந்துக்கடைக்காரர் தாளை வெறித்தார். "தலைவரா?"

"நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

"கல்யாணமான மனுஷன்" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். பெரியவர், "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார். வில்லையைச் சொன்னாரா, வந்தவரைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் கார் கடை வாசலில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஓட்டிவந்த மாணவி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, பக்கத்து இருக்கையிலிருந்து தலைவர் இறங்கினார். வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் ஒற்றியபடி உள்ளே வந்து, கடையில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார்.

"அந்த மருந்துக்கடை ஆள் வகுப்புக்கு நடுவுல வந்து கத்திட்டுப் போறான். ஒரு பெண்ணோட மனசைக் கெடுக்கறதுதான் தலைவர் வேலையான்னு கேட்கிறான். தாளைக் கொடுங்க."

படித்தார். நெடுநேரம் படித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ஆஸ்பத்திரி முனையில தினமும் ஹார்ன் அடிக்கிறது உண்மைதான். அது வளைவு. வளைவுல அடிக்கணும்னு சட்டமே இருக்கு. ஆனா தினமும் ஒரே நேரத்துல ஒரே ஹார்னைக் கேட்டா, ஒரு மென்மையான மனசு அதை வேற மாதிரி எடுத்துக்கும்தானே. என்னால ஒரு ஜீவன் விழுந்து எழுந்துக்கிட்டு இருக்குன்னா, சங்கடமா இருக்கு."

சங்கடப்படுகிற முகமாக அது இல்லை.

"தலைவரே, குழல்னா ஹார்ன்தான்னு இல்ல. புல்லாங்குழலா இருக்கலாம். கூந்தலுக்கும் குழல்னு பேர் உண்டு."

"எனக்குக் கூந்தல் இல்லைங்கறீங்களா?"

"அப்படிச் சொல்லல."

"பேச்சை விடுங்க. என் வீட்டம்மாவைப் பத்தி உங்களுக்குத் தெரியும். நான் கார் ஓட்டினாலும் பிரேக் அவ காலுக்கடியிலதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை நீங்க ஹார்ன் பக்கமே போகக் கூடாது. இது பக்திக் கவிதைன்னு சொல்லிடுங்க."

"கடவுளைப் பார்த்து உமிழ்நீர் விழுங்குன்னு யாராவது சொல்வாங்களா?"

தலைவர் யோசித்தார். "அதை நீங்கதான் பார்த்துக்கணும். விளக்கவுரை உங்களோடது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் பின்னோக்கி நகர்ந்து, தயங்கி, பிறகு முன்னால் போனது.

அன்று கடையைச் சாத்துவதற்கு முன் கண்ணாடிக்கடைக்காரர் தனியாக உட்கார்ந்து தாளை இன்னொரு முறை விரித்தார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லாம் கவிதையின் இடுப்பையும் காலையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், தலையை யாரும் பார்க்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. முதல் வரியே விழி. இரண்டாம் வரியும் விழி. இந்த வட்டத்தில் விழிக்கு உரியவர் யார்?

மேடத்துக்குக் கண்ணாடி செய்து கொடுத்தது அவர்தான். காதுக்குப் பின்னால் சட்டத்தை வளைத்துப் பொருத்தி, "இறுக்கமா இருக்கா மேடம்?" என்று கேட்டதும் நினைவு வந்தது. அதற்கு அவர் என்ன சொன்னார்? "பழகிடும்." கவிதையில் என்ன வருகிறது? பழகிய.

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. மருந்துக்கடைக்காரரும் தலைவரும் எவ்வளவு அற்பத்தனமாக ஒரு பெண்ணின் மனசைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று நினைத்து வருத்தப்பட்டார். தான் குடும்பஸ்தன், இதை வளரவிடக் கூடாது, நாசூக்காகப் புரியவைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்தபடியே காட்சிப் பெட்டியைத் திறந்து, விற்காமல் கிடந்த தங்க விளிம்புச் சட்டம் ஒன்றை எடுத்து வெறும் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார். நிலைக்கண்ணாடியில் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

"உங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே" என்றாள் மனைவி, வீட்டில்.

"கடைக்கு விளம்பரம். கண்ணாடிக்கடைக்காரனே கண்ணாடி போடலைன்னா யார் போடுவா?"

"இத்தனை வருஷமா இல்லாத விளம்பரமா?"

அவர் பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள். மறுமுனையில் தலைவரின் மனைவி. கண்ணாடிக்கடைக்காரருக்கு இங்கிருந்தே குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. மனைவி "ஓ" என்றாள். பிறகு "அப்படியா" என்றாள். பிறகு எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க அவள் பார்வை அவருடைய தங்க விளிம்பின் மேலேயே நின்றது.

வைத்துவிட்டு, உட்கார்ந்தாள்.

"மருந்துக்கடைக்காரர் எழுதினதுன்னு சொன்னீங்க."

"அது வந்து..."

"எழுதினது ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற ஒரு பொம்பளையாம். மருந்துக்கடைத் தம்பி போய்த் தலைவரைத் திட்டியிருக்கார். தலைவர் வீட்டம்மா என்ன விஷயம்னு கேட்டிருக்காங்க. தலைவர், 'எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, முதல் வரியே விழி, அது கண்ணாடிக்கடைக்காரரைப் பத்தி'ன்னு சத்தியம் பண்ணியிருக்கார்."

"விழின்னா பொதுவா விழி. என் விழின்னு எங்கேயும் போடலையே."

"அப்போ நீங்களும் அந்த வரியை அவ்வளவு கவனமாத்தான் படிச்சிருக்கீங்க."

அதன் பிறகு வீட்டில் சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலிருந்து எந்தக் கறி இன்னும் இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்று அவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சனிக்கிழமை அவள் ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். அந்த நிழல் யாருன்னு எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லுங்க. எனக்கு நம்பிக்கை வந்துச்சுன்னா வீட்டுக்கு வருவேன். வரலைன்னா அங்கேயிருந்தே எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

"பெட்டியோடவா வருவே?"

"பெட்டி இல்லாம அண்ணன் வீட்டுக்குப் போனா அண்ணி என்ன நினைப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை மாடியில் வழக்கத்தைவிடக் கூட்டம். சுவரெங்கும் சாலை விதிப் பலகைகள், அவற்றுக்கு நடுவே பேசுகிறவருக்கான மேசை. முன்வரிசையில் மனைவி மடியில் பெட்டியோடு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தலைவரின் மனைவி, இருக்கிற இடத்தில் பிரேக் இருப்பது போல வலது காலை நீட்டிக்கொண்டு. மருந்துக்கடைக்காரர் புதுச் சட்டையில், கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார். தலைவர்மேல் இருந்த சந்தேகம் வாரக் கடைசியில் அவருக்குத் தீர்ந்துபோயிருந்தது. தலைவருக்குத் தழும்பே இல்லை.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு மேடம் வந்தார். அவருக்கு முன்னால் ஒரு குரல் வந்தது.

"படி செங்குத்தா இருக்கே, யார் கட்டினது? கைப்பிடி இன்னும் ரெண்டு விரல் உயரம் வேணும். வணக்கம், வணக்கம். நான் மேடத்தோட வீட்டுக்காரர். கட்டட மேற்பார்வை வேலை. இந்தச் சுவர்ல விரிசல் விட்டிருக்கே, கவனிச்சீங்களா? மேல தண்ணித் தொட்டியா? அதான். நான் அடுத்த வாரம் கிளம்பறேங்க. ரெண்டு வருஷம், தூரத்துல ஒரு பெரிய வேலை. போறதுக்கு முன்னாடி இவ எங்கே வர்றா போறான்னு பார்த்துடலாமேன்னு வந்தேன். நீங்க ஆரம்பிங்க, நான் ஓரமா உட்கார்ந்து கேட்கிறேன். நாற்காலி ஆடுதே, இதுக்கு அடியில ஒரு அட்டை வெச்சா போதும்."

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் மேசைக்கு வந்து தாளை விரித்துக் கவிதையை ஒருமுறை படித்தார். இரண்டாம் வரியிலேயே மேடம் நிமிர்ந்தார். முடிக்கும்போது கை தூக்கிவிட்டார்.

"சார், அந்தப் பேப்பர் வந்து..."

"மேடம், விதி" என்றார் தலைவர். சுவரில் இருந்த 'ஒலி எழுப்பாதே' பலகையைக் காட்டினார்.

"இல்ல சார், ஒரே ஒரு நிமிஷம்..."

"விதின்னா விதிதான்" என்றார் அவருடைய கணவர். "நீ உட்காரு. எந்த எடத்துலயும் விதின்னு ஒண்ணு இருக்கணும். எங்க சைட்டுல ஒருத்தன் தொப்பி போடாம வந்தான்..." தலைவர் அவருக்கும் பலகையைக் காட்ட வேண்டியிருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் எதிரே பார்த்தார். பெட்டி. பிரேக். தழும்பு. ஹார்ன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குடும்பம் இடியும். எழுதிவைத்த விளக்கவுரையில் 'கண்ணியமான ஒரு மனிதர்' என்று தன்னைப் பற்றி வைத்திருந்த பத்தி இந்த இடத்துக்கு உதவாது. அப்போதுதான் ஓரத்தில் ஆடுகிற நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு, பேசத் துடிக்கிற வாயோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர் கண்ணில் பட்டார். இவர் ஒருவர்தான் யாருக்கும் தொந்தரவில்லாத ஆள்.

"நண்பர்களே" என்றார். "இந்தக் கவிதையில வர்ற நிழல் யாருன்னு ஒரு வாரமா பலரும் யோசிச்சிருக்கலாம். யாரும் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கூடவே வர்றதுதானே நிழல்? அது அவங்க கணவர்."

முன்வரிசையில் பெட்டியின் மேல் இறுகியிருந்த விரல்கள் லேசாகத் தளர்ந்தன. அது அவருக்குத் தெம்பு கொடுத்தது.

"அவர் தூரதேசம் போகப்போறார். அவர் போகப்போற வழியெல்லாம் இவங்க விழி. அந்த விழியெல்லாம் மழை. ஏழு கிழமைன்னா வாரத்துல ஏழு நாளும். ஒரு நாள் விடாம. கழுத்தின் கீழே தழும்புன்னு வருது. கழுத்துக்குக் கீழே என்ன இருக்கு? நெஞ்சு. பிரிவு நெஞ்சுல போடப்போற தழும்பு."

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தான் சொல்வதெல்லாம் உண்மை என்றே பட ஆரம்பித்துவிட்டது. இப்படி ஒரு விளக்கவுரை தன் வாயிலிருந்து வரும் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

"பழகிய குழல். குழல்னா இங்கே குரல். காலையில எழுந்ததிலிருந்து வீடு முழுக்கக் கேட்டுப் பழகின அந்தக் குரல். அது இல்லாத வீட்டை நினைச்சுப் பாருங்க. அந்த நிசப்தத்துல இவங்க எப்படி இருப்பாங்க?"

மேடம் கண்களை இறுக மூடிக்கொண்டார். பெண்கள் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"கடைசியா, உமிழ்நீர் விழுங்கு. போகாதீங்கன்னு சொல்ல வாய் வருது. ஆனா அவர் வேலை, அவர் முன்னேற்றம். சொல்ல வந்ததைச் சொல்லாம விழுங்கறாங்க. விழுங்கிட்டு, மனசுக்குள்ள மறுபடி அழைக்கிறாங்க. இதைவிடப் பெரிய காதல் கவிதையை நான் படிச்சதில்லை."

மேடத்தின் கணவர்கூட எதுவும் சொல்லவில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"சார், நான்தான். அந்தத் தூரத்து வேலைக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க. நான் வரலை. ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன். எனக்கு இங்கேயே வரைபடம் பார்க்கிற வேலை கொடுங்க. வீட்டுலேருந்தே பார்த்துக்கறேன். ஆமா சார், நாள் முழுக்க வீட்டுலதான்."

மேடம் பதறி எழுந்தார். "என்னங்க, அவசரப்படாதீங்க. கவிதை வேற, வேலை வேற..."

"நீ ஒண்ணும் பேசாதே" என்றார் கணவர் தழுதழுத்து. "இத்தனை வருஷமா நீ பேசலை. நான்தான் பேசிட்டே இருந்தேன். உள்ளுக்குள்ள இவ்வளவு வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. இனிமே உன்னைத் தனியா விட மாட்டேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தலைவரின் மனைவி வலது காலை மடக்கிக்கொண்டாள். தலைவர் வந்து கண்ணாடிக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்தார். மருந்துக்கடைக்காரர் கையைக் குலுக்கி, "நல்லா இருக்கட்டும்ணே" என்றார். அவர் நிஜமாகவே அப்படி நினைத்ததுதான் கண்ணாடிக்கடைக்காரருக்கு என்னவோ போலிருந்தது. பின்வரிசையில் இருந்த புது உறுப்பினரான தையல்காரம்மா, கட்டியைப் பற்றிய கட்டுரையை எங்கே படிக்கலாம் என்று மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தாள்.

மனைவி பெட்டியோடு வந்து நின்றாள். "அந்தத் தங்க விளிம்பு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதைப் பிடிங்க, கனமா இருக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு குடும்பத்தையல்ல, மூன்று நான்கு குடும்பங்களைக் காப்பாற்றிய நிறைவோடு படியிறங்கினார். கீழே டிரைவிங் ஸ்கூல் வாசலில் மேடத்தின் கணவர் தலைவரை நிறுத்திவைத்து, மேல்மாடித் தொட்டியை எப்படி இடம் மாற்ற வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மேடம் மட்டும் படிக்கட்டின் அடியில் தனியாக நின்றார்.

"சார்" என்றார் தாழ்ந்த குரலில். "அது நான் எழுதின கவிதை இல்ல."

"பின்னே?"

"அவசரத்துல பையில பேப்பர் மாறிப்போச்சு. ஆஸ்பத்திரியில நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். பக்கவாதம் வந்து நாக்கு சரியாப் புரளாதவங்க இருப்பாங்க இல்ல, அவங்களுக்கு 'ழ' வர்றதுக்காக எழுதின பயிற்சித் தாள் அது. நீங்க படிக்கக் கேட்டதும் சொல்ல வந்தேன், விடலை."

கண்ணாடிக்கடைக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். வழி, விழி, மழை, நிழல் என்று மனசுக்குள் ஒவ்வொரு வரியாக நடந்து பார்த்தார். ழ இல்லாத வரி ஒன்றுகூட இல்லை.

"அப்போ அந்த உமிழ்நீர்?"

"அந்த இடத்துல நிறுத்தி எச்சிலை முழுங்கிட்டு, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இல்லேன்னா வழிஞ்சிடும்."

அவர் பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டார். பிறகு எப்படியோ ஓர் ஆறுதல் கிடைத்தது.

"போகட்டும் மேடம். பேப்பர் மாறினாலும் விஷயம் மாறலையே. நீங்க எழுதின கவிதையும் காதலும் ஏக்கமும்தானே?"

"ஆமா சார்" என்றார் மேடம், வாசலில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த குரலைப் பார்த்தபடி. "நாள் முழுக்க மனுஷங்களைப் பேச வைக்கிறதுதான் என் வேலை, அதனால அவர் கிளம்பினதும் ரெண்டு வருஷத்துக்கு என் வீட்டுக்கு வரப்போற மௌனத்தைப் பத்தி எழுதியிருந்தேன்."